பேட்டரிக் கட்டையும் மிச்ச நாடாவும்

பாட்டு ஓடும்போது இனிமேல் இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று தருமன் சட்டம் போட்டான். கையோடு இரண்டாவது சட்டமும் போட்டான். அவன் ஏரிக்குப் போகும்போது டேப்ரெக்கார்டரின் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவான். யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் சட்டம் போடுகிறவர். மீதி யாருக்குச் சட்டம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அந்த மீதி, அவன் பெண்டாட்டி வசந்தா, வாசலில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டைய கழட்டிக்கினு போயி இன்னாய்யா பண்ணுவே? ஏரில நண்டுக்கு டார்ச் அடிப்பியா?"

"நீ நாள் பூரா போட்டுப் போட்டு கேக்கறே. நான் வந்து போட்டா, பாடறவன் கெணத்துல வுழுந்த மாதிரி இழுக்கறான்."

"டேப்பு எங்க அண்ணன் மஸ்கட்லேந்து எனக்கு அனுப்புனது."

"டேப்பு உங்க அண்ணன் வாங்குனது. கட்டை நான் வாங்குனது. டேப்ப நீயே வெச்சுக்கோ, யார் வேணான்னா?"

வசந்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையிலிருந்த இறாலின் தலையைத் திருகினாள். தருமனுக்குத் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. ஆனாலும் கட்டைகளை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினான். இடுப்பில் நாலு கட்டையைச் சொருகிக்கொண்டு எவ்வளவு கம்பீரமாக நடக்க முடியுமோ அவ்வளவு.

அவன் பாட்டுப் பைத்தியம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவனைப்போல இன்னும் இரண்டு பைத்தியம் உண்டு. ஒருவர் அப்துல் ஹை. பழவேற்காடு கடைத்தெருவில் வலை நூல் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் வீரராகவன். திருப்பாலைவனத்துக்காரர், மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். ஒருத்தர் கேசட்டை மற்றவர் வாங்கிக் கேட்பதும், "இதைக் கேட்டுப் பாரு" என்று அடுத்ததைத் தள்ளிவிடுவதும்தான் மூவருக்கும் வேலை. கண்டக்டரின் டிக்கெட் பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, ஒரு கேசட் இருக்கும்.

ஏரியில் வலை கட்டப் பாடு முறை உண்டு. இந்த இடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. முறை தப்பி வலை போட்டால் கைகலப்புதான். கேசட்டுக்கும் அவர்கள் அதே முறையை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் பாடு முடிந்து அடுத்தவர் பாடு. மூன்று வீடும் சுற்றி வந்ததும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் கடை திறக்கிற நேரத்துக்குக் கூடி, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லவேண்டும். அதுவரை யாரும் யாரிடமும் வாயை விடக்கூடாது. எந்த அபிப்பிராயம் உசத்தியோ அவருக்கு அடுத்த கேசட்டில் முதல் பாடு.

முதல் பாடு அநேகமாகத் தருமனுக்குத்தான். ஒரு தடவை சொன்னான்: "தபலாக்காரன் பஸ்ஸ புடிக்கற அவசரத்துல அடிக்கறான். பாட்டு இன்னும் வூட்ல தலை சீவிக்கினு கீது." கண்டக்டர் அதை ஒரு வாரம் பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அது வசந்தா சொன்னது. அதற்கு முந்தினதும் வசந்தா சொன்னது. இறால் உரித்துக்கொண்டே அவள் பாட்டுக்கு ஏதாவது சொல்வாள். தருமன் தூங்குகிற மாதிரி படுத்து மனப்பாடம் பண்ணுவான். சொந்தமாக அவனுக்குத் தெரிந்த அபிப்பிராயம் ஒன்றுதான். "நல்லா கீது." மீன் குழம்பு, மேடைப் பேச்சு, சாவு மேளம் எல்லாவற்றுக்கும் அதுவேதான்.

போன வெள்ளிக்கிழமை அவனுக்குத் தலை கனத்துவிட்டது. வீட்டுச் சட்டமெல்லாம் அந்தக் கனத்தில் பிறகு போட்டதுதான்.

"சும்மா பேசிக்கினு இருந்தா எப்படி? பந்தயம் வெப்போம். அடுத்த கேசட்டுக்கு தோத்தவன், பொங்கல் வரைக்கும் மூணு வூட்டுக்கும் கட்டை வாங்கிப் போடணும்."

"நைனா, நீ யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார் பாய்.

"யோசிக்க இன்னா கீது பாய்? நீங்க ரெண்டு பேரும் யோசிங்க."

பாயும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஏனோ உடனே ஒத்துக்கொண்டார்கள்.

புதுக் கேசட், பாயின் மச்சான் சிங்கப்பூரில் பாட்டுகளைப் பதிந்து அனுப்பியது. முதல் பாடு தருமனுக்கு. சாயங்காலம் ஏரியிலிருந்து வந்து, இடுப்பிலிருந்து கட்டைகளை உருவிப் போட்டு, பட்டனை அமுக்கினான். பாயில் படுத்துக் கண்ணை மூடினான். காதை மட்டும் வசந்தா பக்கம் திருப்பி வைத்தான்.

முதல் பாட்டு முடிந்தது. வசந்தா பேசவில்லை. இரண்டாவது முடிந்தது. இறால் ஓடு உரியும் சத்தம்தான் வந்தது. கடைசிப் பாட்டும் முடிந்தது. தருமன் பாய்ந்து நிறுத்தினான். பாட்டு முடிந்தும் நாடா கொஞ்ச நேரம் வெறும் உஸ் என்று ஓடும். அந்த உஸ்ஸைக் கேட்கக் கட்டையைச் செலவு பண்ண அவன் என்ன கோடீஸ்வரனா? கண்டக்டரும் பாயும்கூட அப்படித்தான், கடைசிப் பாட்டு முடிவதற்குள் விரல் பட்டனில் இருக்கும்.

"இன்னாமே, ஒண்ணும் பேசலியே?"

"பாட்டு ஓடச்சொல்ல பேசக்கூடாதுன்னு சட்டம்."

"இப்பத்தான் ஓடலியே. இப்ப சொல்லு."

"இன்னாத்த சொல்றது? பாட்ட கேட்டா வாய் தானா தொறந்துக்குது. உன் சட்டத்துக்கு பயந்து காதையும் மூடிக்கினேன்."

"ரெண்டு காதையுமா?"

"ஒரு காதுக்கு மட்டும் சட்டத்துல எதனா சலுகை கீதா?"

மறுநாளும் அதே கதை. தருமன் தனியாக யோசித்துப் பார்த்தான். படகில் கழி ஊன்றிக்கொண்டே யோசித்தான். "நல்லா கீது" என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை வைக்கப் பார்த்தான். "ரொம்ப" என்று ஒன்று கிடைத்தது. வலையில் அன்றைக்கு வந்ததும் அவ்வளவுதான்.

கேசட்டைக் கண்டக்டரிடம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின காலை அவன் இறங்கி வந்தான்.

"வசந்தா, பந்தயம் கட்டிட்டேன்மே. தோத்தா மூணு வூட்டுக்கும் கட்டை நான்தான் வாங்கணும். பொங்கல் வரைக்கும்."

"அய்யய்யோ," என்றாள் வசந்தா. குரலில் அய்யய்யோவே இல்லை. "அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு இன்னா தெரியும்?"

"உனக்குத்தான்மே எல்லாம் தெரியும்."

இதைச் சொல்வதற்கு அவனுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியிருந்தது.

"சட்டம்?"

"ரத்து."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அப்போ கட்டைய டேப்புல போட்டுட்டு ஏரிக்கு போ. நான் நிம்மதியா கேக்கணும். நீ பக்கத்துல படுத்துக்கினு தூங்கற மாதிரி மூச்சு வுட்டா எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

தருமன் திடுக்கிட்டான். தூங்குகிற மாதிரி என்று சொன்னாளே. ஆனால் அதை விசாரிக்க நேரமில்லை. கட்டைகளைப் போட்டுவிட்டுப் போனான்.

சாயங்காலம் வசந்தா சொல்லிக்கொடுத்தாள். "மூணாவது பாட்டுல ஷெனாய் வர்ற எடம் கீதே, அது கல்யாண வூட்ல சாப்புடாம கோச்சுக்கினு போன மாமன, கைய புடிச்சி பந்திக்கு இட்டாந்து உக்கார வெக்கற மாதிரி கீது."

தருமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருப்பிச் சொன்னான். கேசட் கண்டக்டர் வீட்டுக்கும் அங்கிருந்து பாய் வீட்டுக்கும் போனது. அது சுற்றி வருவதற்குள் அவன் அந்த மாமனைப் படகில் ஏற்றி ஏரி பூரா சுற்றிக் காட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பாய் கடையில் நூல் கண்டுகளுக்கு நடுவில் மூவரும் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி பாய் கேசட்டின் முதல் பக்கத்தைப் போட்டார். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று வைத்துக்கொள்ள அவரும் கோடீஸ்வரனில்லை, வீட்டு டேப்பைத்தான் கடைக்குத் தூக்கிவந்திருந்தார். பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்து கடைசிப் பாட்டு ஆரம்பித்தது.

"பஸ் எடுக்கணும், நான் மொதல்ல சொல்லிடறேன்," என்றார் வீரராகவன். தொண்டையைச் செருமினார். "மூணாவது பாட்டுல ஷெனாய் வருதே, அது கல்யாண வீட்ல சாப்பிடாம கோச்சுக்கினு போன மாமன, கையப் புடிச்சி பந்திக்கு..."

"நிறுத்துய்யா," என்றான் தருமன். "அது என்னுது."

"இன்னா உன்னுது?"

"அந்த மாமன் என் மாமன்."

"எப்படி உன் மாமன் ஆவான்? நான் ரெண்டு நாளா அந்த மாமனோட டிக்கெட் கிழிச்சிக்கினு கீறேன்."

பாய் மட்டும் தாடியைத் தடவினார். கூரையைப் பார்த்தார்.

"பாய், நீங்க நியாயம் சொல்லுங்க. உங்க அபிப்பிராயம் இன்னா?"

"எனக்கும்," என்றார் பாய் மெதுவாக, "ஒரு மாமன்தாம்ப்பா தோணுச்சு."

"சாப்புட்டாரா?" என்றான் தருமன்.

"சாப்பிடலை. கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

அவ்வளவுதான். திருடன் யார் என்பதில் ஆரம்பித்து, போன வருஷத்துக் கேசட் ஒன்றில் நாடா சிக்கியது யாரால் என்பதுவரை போனது. பஸ்ஸிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் காதில் விழவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. அதுவும் யார் காதிலும் விழவில்லை. பட்டன்மேல் யார் விரலும் இல்லை. நாடா உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது.

உஸ் நின்று, "கோமளாக்கா, சுராயாக்கா, நான் வசந்தா பேசறேன்," என்றது டேப்ரெக்கார்டர்.

மூவரும் வாயைத் திறந்தபடி திரும்பினார்கள். கோமளா கண்டக்டரின் மனைவி. சுராயா பாயின் மனைவி.

"நம்மாளுங்க பந்தயம் கட்டிக்கீறாங்க. தோக்கறவரு மூணு வூட்டுக்கும் கட்டை வாங்கணுமாம். ஒருத்தர் தோத்தா ஒரு வூட்ல பேஜாரு. மூணு பேரும் தோத்தா நமக்கு மஜா. எங்காளுக்கு மாமன் கதை ஒண்ணு சொல்லப் போறேன். நீங்களும் அதையே சொல்லிக் குடுங்க." பிறகு முழுக் கதையையும் சொன்னாள், பந்தி முதல் கைபிடி வரை.

ஒரு டொக். அடுத்த குரல். "வசந்தா, கோமளா பேசறேன். அவரே வந்து கேட்டாரு, சொல்லிக் குடுத்துட்டேன். மாமனை சித்தப்பான்னு மாத்தி மாத்தி சொன்னாரு, திருத்தியாச்சு. நெஜமான அபிப்பிராயம் இன்னான்னா, அஞ்சாவது பாட்டு எனக்குப் புடிக்கல. அந்தம்மா பாடச்சொல்ல பக்கத்துல யாரோ அடுப்பு ஊதறாங்க போல. போன கேசட் எவ்வளவோ தேவலை."

கண்டக்டர் மெல்ல ஒரு நூல் கண்டை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். பாய் தடுக்கவில்லை.

மறுபடி டொக். "நான் சுராயா. அடுப்பு ஊதறது இல்ல கோமளா, அது புல்லாங்குழல். நல்லாத்தான் இருக்கு, திரும்பக் கேளு. நம்ம பாய்க்கும் சொல்லியாச்சு. பந்தயப்படி ஒவ்வொருத்தரும் மூணு வீட்டுக்கு வாங்கணும், அப்போ வீட்டுக்கு மூணு மடங்கு கட்டை வரும், வாங்கி வெச்சுக்குங்க. கூடை முடையற ஓலைக்கு சாயம் போட்டேன், கையெல்லாம் பச்சை. பட்டன்ல ஒட்டிக்கிச்சு. யாரும் பார்க்கமாட்டாங்க."

மூவரும் பட்டனைப் பார்த்தார்கள். பச்சையாக இருந்தது.

கதை இதுதான். ஒரு நாள் வசந்தா இறால் கையோடு முழங்கையால் டேப்பை நிறுத்தப் போய், தப்புப் பட்டன்கள் அமுங்கி, அவள் தபலாக்காரனைத் திட்டியது மிச்ச நாடாவில் பதிந்துவிட்டது. சாயக் கையோடு இருந்த சுராயா நாடாவை நிறுத்த முடியாமல் ஓடவிட்டதில் அதைக் கேட்டுவிட்டாள். கேட்டதோடு பதிலும் சொன்னாள். கோமளாவும் மாவுக் கையோடு நிறுத்த முடியாமல் ஓடவிட்டுக் கேட்டவள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட்டும் மூன்று வீட்டையும் சுற்றியது பெண்களின் அபிப்பிராயத்தைச் சுமந்துதான். ஆண்கள் அதை இலவசமாகத் தூக்கிப்போகும் ஆட்கள்.

"நீயும் வூட்ல கேட்டுத்தான் சொல்லுவியா?" என்றான் தருமன்.

"நீ?" என்றார் கண்டக்டர்.

பாய் எழுந்து செருப்பை மாட்டினார். "கட்டை விக்கறவன் சாப்பாட்டுக்குக் கடையை சாத்திடுவான். வாங்கப்பா."

தருமன் கட்டைப் பொட்டலங்களைச் சுமந்து வீட்டுக்கு வந்தபோது உள்ளே வேறொரு கேசட் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மே, நீ..."

"பாட்டு ஓடச்சொல்ல பேசாதய்யா."

அவன் பொட்டலங்களோடு நின்றான். பாட்டு முடிந்தது. அப்புறம்தான் அவள் நிமிர்ந்தாள்.

"கேட்டீங்களா மூணு பேரும்?"

"கேட்டோம்."

"எப்படி இருந்துச்சு எங்க பேச்சு? உன் அபிப்பிராயத்த சொல்லு. யார் வாயிலேந்தும் எடுக்காம, சொந்தமா சொல்லு."

தருமன் பொட்டலங்களை இறக்கி வைத்துவிட்டு யோசித்தான். அவளுடைய கை இறாலைத் திருகாமல் காத்திருந்தது.

"நல்லா இருந்துச்சு," என்றான்.

"ம். கை ஈரமா கீது. அந்த கேசட்ட திருப்பிப் போடு."