பாதி வானத்தில் ஒரு துடைப்பம்

துடைப்பத்தைக் கையில் எடுத்த செவ்வந்தி அதை மறுபடி மூலையில் சாத்தினாள். மகன் ராஜசேகர் இன்னும் ஆகாயத்தில் இருந்தான். ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும் வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பக்கத்து ஊருக்குப் போனாலே அதுதான் வழக்கம். இவன் போவது டொரொண்டோவுக்கு.

கூடமோ கூடமாக இல்லை. நேற்று மழைக்குப் பயந்து குறுவை நெல்லை உள்ளே கொட்டி, காலையில்தான் களத்துக்கு அள்ளிப் போனார்கள். பதரும் வைக்கோல் தூசியும் கணுக்கால் வரை கிடந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் அறிவுமதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பல வருடம் தேடி, எல்லாம் பொருந்தி வந்த முதல் இடம்.

"பையன் வெளிநாடு கிளம்புறான், ஒரு நாள் தள்ளி வாங்களேன்" என்று செவ்வந்தி கேட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா அம்சவல்லி, அன்றைக்கேதான் வருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"ஏன் பதறுற?" என்றார் கணவர் நெடுஞ்செழியன். "டிக்கெட்டைப் பார்த்துத்தானே ஒத்துக்கிட்டேன். காலையில ஆறு மணிக்கு ஏறுறான், சாயங்காலம் நாலு மணிக்கு இறங்குறான். பெருக்க ஒரு மணி நேரம் போதாதா?"

"அப்பா, அது அந்த ஊர் நாலு மணி" என்றாள் அறிவுமதி. "நமக்கு அப்ப நடுராத்திரி தாண்டியிருக்கும். பதிமூவாயிரம் கிலோமீட்டர்ப்பா. என்ன, கும்பகோணமா?"

நெடுஞ்செழியன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் நாலு மணிதான் போட்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வழி சொன்னாள். "நடுவுல பிராங்க்பர்ட்டுல விமானம் மாறுறான்ல. இறங்குனா இறங்குனதுதானே. அந்த நேரத்துல பெருக்கிடு."

நாலு மணிவாக்கில் போனில் செய்தி வந்தது: 'பிராங்க்பர்ட் இறங்கிட்டேன்.' துடைப்பத்தோடு குனிந்த செவ்வந்தி அப்படியே நின்றாள்.

"ஏங்க்கா, நாகப்பட்டினம் போறவன் திருவாரூர்ல பஸ் மாறுனா, ஊர் போய்ச் சேர்ந்ததா ஆகுமா?"

பொன்னுத்தாய் யோசித்தாள். "ஆகாதுதான்."

"இன்னும் பாதி வானம் இருக்கே." நிமிர்ந்துவிட்டாள்.

"தானா பறந்து போனா அது பெருக்குன கணக்குல வராதுல்ல?" என்ற நெடுஞ்செழியன் மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டார். எழுந்த தூசி, கேசரியிலும் அறிவுமதியின் பட்டுப் புடவையிலும் வந்து இறங்கியது. பதரில் கிடக்கும் நெல்லைப் பொறுக்கட்டும் என்று பொன்னுத்தாய் தன் கோழிகளை உள்ளே விட்டாள். பொறுக்கின. பதிலுக்குத் தங்கள் பங்கையும் விட்டுப் போயின.

அதன் மேல் அவசரமாகப் பாய் விரித்து முடிக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

அம்சவல்லி உட்கார்ந்தார். பாய் நொறுநொறுத்தது. தரையைப் பார்த்தார்; மூலையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து மிச்சமிருந்த ஒரு கோழி வெளியே வந்தது.

செவ்வந்தியால் தாங்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க. பொண்ணு மேல குத்தமில்லை, நான்தான் பெருக்க விடலை. புள்ள இன்னும் போய்ச் சேரலைங்க. இந்த இடம் தட்டிப்போனாக்கூட என் பொண்ணு என்னைக்காவது மன்னிச்சிடுவா. அவனுக்கு ஒண்ணுன்னா..."

அம்சவல்லி எழுந்தார். நேராக அறிவுமதியிடம் போய், கொண்டுவந்த பூவை அவள் தலையில் வைத்தார்.

செவ்வந்திக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததிலிருந்து தும்மலைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மாப்பிள்ளையின் அப்பா வீரையன், நெடுஞ்செழியன் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"உங்க பையன் பறக்குற அன்னைக்குத்தான் பொண்ணு பார்க்கணும்னு இவதாங்க பிடிவாதமா நின்னா. கூடம் மட்டும் பளிச்சுன்னு இருந்திருந்தா, அப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பா."