நிகழ்ச்சிநிரலில் இல்லாத விடயம்

1988 தை மாதம், கருக்கலைப்புக்குச் சட்டம் விதித்திருந்த இருபத்தெட்டு வார எல்லையைப் பதினெட்டாகக் குறைக்கலாமா என்று பிரித்தானியப் பாராளுமன்றம் விவாதித்துக்கொண்டிருந்தது. லண்டன் லூயிஷாமில் இயங்கும் எங்கள் தமிழர் நலன்புரிச் சங்கம் இன்னும் வாய் திறக்கவில்லை. பாராளுமன்றம் காத்துக்கொண்டிருக்குமே என்ற கவலையில் தலைவர் தில்லையம்பலம் ஞாயிற்றுக்கிழமை அவசர நிர்வாகசபைக் கூட்டத்தைக் கூட்டினார்.

சபையில் பதினொரு பேர். பதினொருவரும் ஆண்கள். நானும் செயலாளர் கனகலிங்கத்தின் மனைவி சிவனேஸ்வரியும் குசினியில் றோல்ஸ் பொரித்தோம். சங்கத்தின் யாப்பு விதிகளின்படி குசினி கூட்டத்தில் சேராது. கதவு திறந்திருந்ததால் காது மட்டும் சேர்ந்தது.

சென்ற கூட்ட அறிக்கையை ஏற்கவே முக்கால் மணி நேரம். பிறகு ஒருவர் பதினெட்டு என்றார், இன்னொருவர் இருபத்தெட்டு என்றார். யாருடைய மனமும் நோகாமல் இருபத்துமூன்று என்றார் பொருளாளர். அந்தக் கிழமைகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று யாரோ கேட்டுவிட்டார். ஆறு பிள்ளைகளின் தகப்பனான தலைவருக்கே தெரியவில்லை. ஆராய்வதற்கு உபகுழு அமைத்தார்கள். பக்கச்சார்பு வரக்கூடாதென்று மூன்று பேரும் கலியாணமாகாதவர்கள். அறிக்கை சமர்ப்பிக்க ஒன்பது மாத அவகாசம்.

பெண்களின் ஆதரவும் பதிவாக வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உபகுழுத் தீர்மானத்தை வழிமொழியச் சொல்லிச் சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு இப்ப பத்துக் கிழமை," என்றாள் அவள். "நாலு பிள்ளையளுக்கு மேல இனி ஏலாது. சட்டப்படி ரெண்டு டொக்டர்மாரும் கையெழுத்து வைச்சிட்டினம். நாளைக்குப் பத்து மணிக்கு ஆசுப்பத்திரி. இவருக்கு மூண்டு தரம் சொன்னன். தீர்மானம் எழுதி முடியட்டும் எண்டார். ஆரும் துணைக்கு வாறியளோ?"

குசினி வாசலில் நின்ற என்னையும் திரும்பிப் பார்த்தாள். கனகலிங்கம் பேனையைத் திறந்து மூடினார்.

தலைவர் நிதானமாகச் சொன்னார்: "தங்கச்சி, இது நிகழ்ச்சிநிரலிலை இல்லை. கடைசியா, வேறு விடயங்களுக்குக் கீழ எடுக்கலாம்."

வேறு விடயங்கள் வரமுன்னரே பட்மின்டன்காரர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. றோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் அவள் தனியே பஸ் ஏறினாள். நான் போயிருப்பேன். ஆனால் அதே பத்து மணிக்கு அந்தச் சட்டத்திருத்தத்துக்கு எதிராக எங்கள் மாதர் அணியின் கண்டனக் கூட்டம். இப்படியான வேளையில் எந்தப் பெண்ணையும் தனியே விடலாகாது என்ற தீர்மானத்தை எழுதி முன்மொழிந்ததே நான்தான். கொன்வென்டில் படித்த இங்கிலிஷ், ஒரு கமா பிழையில்லை. கைதட்டலோடு ஏகமனதாக நிறைவேறியது.