ஆளுக்கொரு விளக்கு

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, முதல் ஒரு மாதம் ஊரில் எல்லாமே கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது. அதைச் சரி செய்யப் போய் நான் பட்ட பாட்டைத்தான், பிள்ளைகளே, இங்கே எழுதுகிறேன். உங்கள் ரீத்தா அத்தை சொல்லிக் கொஞ்சம் கேட்டிருப்பீர்கள். அவள் சொல்வதில் கால்வாசி மிகை. மீதி முக்கால்வாசியும் உண்மை என்பதுதான் என் கஷ்டம்.

துபாயில் ஆறு வருடம் ஹோட்டல் கட்டும் வேலையில் இருந்தேன். கூரைக்குக் கீழே வெள்ளைப் பலகையால் இன்னொரு கூரை அமைத்து, அதில் வட்ட வட்டமாகத் துளை போட்டு, துளைக்குள் விளக்கைப் புதைத்து வைப்பார்கள். விளக்கு இருப்பது கண்ணில் படாது. வெளிச்சம் மட்டும் இறங்கும். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'சீலிங் டிபார்ட்மெண்ட்' என்பேன். (ஏணி பிடிக்கிற வேலை. ஏணியும் டிபார்ட்மெண்டைச் சேர்ந்ததுதானே.)

அப்போது அப்பா இறந்து ஐந்து வருடம். ரீத்தாவுக்கு இருபத்தெட்டு வயது. மூன்று இடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள், "அண்ணன் துபாய்ல இருக்காருன்னீங்க, வீட்டைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று தரகரிடம் கேட்டார்களாம். அதைப் போனில் சொல்லி அம்மா அழுதார்கள். ரீத்தாவுக்கு முடிந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாமலே முடிவான விஷயம். (ஆகவே இந்தக் கதையில் நீங்கள் பிறப்பதும் பிறக்காததும் அடக்கம்.)

அம்மா அழுததை யோசித்து யோசித்து, கோளாறு எங்கள் வீட்டுக் கூரையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

ஐப்பசியில் லீவில் வந்து இறங்கினேன். நாலாவது இடம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவருடைய அப்பா சவரிமுத்து விவசாயி. கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுவிடுவது என்று கும்பகோணத்திலிருந்து ஆள் பிடித்தேன். விளக்கை மட்டும் நானே தேர்வு செய்ய வேண்டும் என்று ரீத்தாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்க விளக்குகளை எரியவிட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள், வெள்ளை, விளிம்பில் பித்தளை வைத்தது, கண்ணாடி வைத்தது. கடைக்காரர் பொறுமைசாலி. கூடத்தின் அளவைக் கேட்டுவிட்டு ஆறு போதும் என்றார். நான் அவருக்கு, ஆறு விளக்குக்கும் இருபத்துநாலு விளக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டியபடியே, வீடு ஊருக்குள்ளேயா வயலோரமா என்று விசாரித்தார். கொல்லைச் சுவரைத் தொட்டுக்கொண்டு வயல்தான், ஆனால் உள்ளே வந்தால் ஹோட்டல் போல இருக்க வேண்டும் என்றேன்.

"ஆறு போதும்ண்ணே. அதுவும் மஞ்சளே இருக்கட்டும்" என்றாள் ரீத்தா.

"உனக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா இரு."

சும்மா இருந்தாள். கடைக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு பில் புத்தகத்தை எடுத்தார். ஏன் மஞ்சள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெள்ளையில் இருபத்துநாலு வாங்கினேன்.

நான் கடைசியாக ஏணி பிடித்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒவ்வொரு நாற்காலிக்கும் நேர் மேலே ஒரு விளக்கு இருக்கும். உட்காருகிறவருக்கு ராஜ மரியாதை. அதே மாதிரி செய்தேன். முதலில் நாற்காலிகளைப் போட்டேன். கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு கிழித்தேன். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நாற்காலிக்கு நேர் மேலே துளை போடவைத்தேன். பதினாறு நாற்காலிக்குப் பதினாறு விளக்கு. ஓரத்தில் அலங்காரத்துக்கு எட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டேன். வெளிச்சம் வெளியே தெரிய வேண்டுமே என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்தேன். குத்தாலம் மெயின் ரோட்டில் திரும்பும்போதே வீடு தெரிந்துவிட்டது என்று சவரிமுத்து சொல்லிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வந்த ஒன்பது பேரையும் ஆளுக்கொரு விளக்கின் அடியில், இம்மி பிசகாமல் உட்கார வைத்தேன்.

ஐப்பசி கடைசி. சம்பா பயிர் தூர் கட்டி நிற்கும் காலம். டெல்டாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், அந்த மாதத்தில் பொழுது சாய்ந்தால் விளக்கைக் குறைத்துக் கதவைச் சாத்த வேண்டும் என்று. நான் இருபதாவது மாடியில், திறக்க முடியாத ஜன்னலுக்குள் ஆறு வருடம் இருந்தவன். அங்கே விளக்கைச் சுற்றி ஒரு பூச்சியைக்கூட நான் கண்டதில்லை. பூச்சி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் ஒன்று வந்தது. பச்சை நிறம், எள் அளவு. நான் கவனிக்காதது போல துபாயின் வெயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு பத்து வந்தன. பிறகு வயலே எழுந்து வந்துவிட்டது. சாதாரணக் குழல்விளக்காக இருந்தால் பூச்சி நாலா பக்கமும் சிதறும். என் விளக்கு குழிக்குள் அல்லவா இருக்கிறது. குழிக்குள் புகுந்து, சூட்டில் கருகி, நேராகக் கீழே விழுந்தன. நேர் கீழே ஆள். சவரிமுத்துவின் வழுக்கையில் பொரி கொட்டியது போலக் கொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள், பூசையில் இருப்பது போல. மாப்பிள்ளை நாற்காலியை ஓர் அடி நகர்த்தினார். அடுத்த விளக்கின் கீழே போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் உங்கள் அப்பாவாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளிச்சம் பரவலாக இருந்தால் பூச்சியும் பரவிப் போய்விடும் என்று கணக்குப் போட்டு, மிச்சமிருந்த எட்டு விளக்கையும் போட்டேன்.

ரீத்தா காபித் தட்டோடு அப்போதுதான் வந்தாள். வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். தட்டை அம்மாவிடம் கொடுத்து மூடச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை நிமிராமல் நிற்க வேண்டியவள், பட்டுப்புடவையோடு கூடத்தைக் குறுக்கே கடந்துபோய் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் மிஞ்சியது. அந்த இருட்டில், நாலாவது இடமும் போயிற்று என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் ஒரு குண்டு பல்பு எரிந்தது. வயல் பூச்சியைப் பிடிக்க ரீத்தாதான் சாயங்காலமே போட்டிருந்தாள். அதன் கீழே அகலமான ஈயத் தாம்பாளத்தில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். பூச்சியெல்லாம் அங்கே கிளம்பிப் போயின. சவரிமுத்து தலையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிளம்புகிறார் என்று நானும் எழுந்தேன். அவர் வாசலுக்குப் போகவில்லை, கொல்லைக்குப் போனார். குனிந்து, தாம்பாளத்தில் விரலை விட்டு எதையோ தொட்டு எடுத்து பல்பு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது பச்சைப் பூச்சி மட்டும் இல்லையே. பயிரைக் கருக்குற புகையானும் கிடக்கே."

"ஆமாங்க" என்றாள் ரீத்தா. "முந்தாநாளே தூர்ல பாத்தேன். தண்ணிய வடிச்சு விட்டுருக்கேன்."

"யூரியா போட்டீங்களா?"

"ரெண்டாவது தடவை போடலைங்க. போட்டா இன்னும் ஏறிடும்."

"யாரு பாக்குறது வயலை?"

"நான்தாங்க. அப்பா போனதுலேர்ந்து."

சவரிமுத்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு, வந்து பார் என்றார். மூவரும் தாம்பாளத்தைச் சுற்றி நின்று பேசினார்கள். நடவு எப்போது, என்ன ரகம், வாய்க்காலில் முறைத்தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சில இடத்தில் அவரையே மறுத்தும் சொன்னாள்.

நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் போன் பேசியிருக்கிறேன். எல்லாரும் சௌக்கியமா, சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். வயலை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் கேட்டதில்லை. நெல் தானாக விளைந்து வீட்டுக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன் போல. இருபத்துநாலு விளக்கு போட்டும் எனக்குத் தெரியாதது, அணைத்த பிறகு தெரிந்தது.

திரும்பி வந்த சவரிமுத்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, எத்தனை லைட்டு?"

"இருபத்துநாலுங்க."

"எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு. அதுக்கு ஒண்ணே போதுமா இருந்துச்சு."

அம்மா இப்போது வேறு மாதிரி அழுதார்கள். காபி ஆறிப்போயிருந்தது, எல்லோரும் அப்படியே குடித்தார்கள்.

மறுநாளே ரீத்தா சொன்னபடி ஆறு மஞ்சள் விளக்கு மாட்டி (மஞ்சளுக்குப் பூச்சி அவ்வளவாக வராதாம்), மற்றத் துளைகளை அடைத்தேன். லீவை நீட்டிக்கொண்டேன். தையில் கல்யாணம் என்று முடிவாகி, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஏற்பாடானது. முதல் ஞாயிறு சவரிமுத்து எங்கள் கோயிலுக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமியார் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். கோயில் அமைதியாக இருந்தது. சவரிமுத்து என் காதருகே குனிந்தார்.

"இருபத்துநாலு இருந்துச்சே தம்பி, கழட்டியாச்சா?"

நான் சிரிப்பை அடக்கப் பார்த்து, அது இருமலாக வெளியே வந்தது. சாமியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னையே பார்த்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து நம் சொந்தத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும், 'தடை' என்ற வார்த்தை வந்ததும் நாலைந்து வரிசை என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறது. போன தையில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வாசித்தபோதும், பெண்கள் பக்கத்திலிருந்து ரீத்தா திரும்பி, ஒரு விரலைக் கூரையை நோக்கிக் காட்டினாள். நான் உடனே தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவுக்கு எவ்வளவு பக்தி என்று வீட்டுக்கு வந்து நீங்கள் இருவரும் சொல்லிக்கொண்டீர்கள். அதை மறுக்க அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.