எலையண்ணாச்சி மீது நான் போட்ட வழக்கு

கையில் சரக்கும் எதிரில் வாங்க ஆளும் இருக்கும்போதே ‘தரமுடியாது’ என்று சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுக்க வியாபாரம் செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் வாழையிலை விற்ற எலையண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர், அவர் மீது வழக்குப் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. மனுவில் எழுத வேண்டியிருந்ததே.

இலை கேட்டு வருகிறவரிடம் அண்ணாச்சி எத்தனை வேண்டும் என்று கேட்கமாட்டார். என்ன விசேஷம், என்ன கறி, யார் சமையல் என்று பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரிப்பார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு நூடுல்ஸ் என்று உண்மையைச் சொல்லிவிட்ட ஒரு பாங்க் மானேஜருக்கு, பேப்பர் பிளேட் விற்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவைத்தார். கல்யாணப் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் போய், எச்சில் இலைகளை நின்று நிதானமாகப் பார்ப்பார். எதில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டருக்குக்கூட இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கரமனையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் தொடங்கியிருந்தேன். என் சமையலைவிட என் விசிட்டிங் கார்டு நன்றாக இருந்த காலம். எதையும் முறையாகச் செய்கிறவன் என்று காட்டிக்கொள்ள, சீசன் முழுக்க எனக்கு அண்ணாச்சிதான் இலை தரவேண்டும் என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டேன். அவர் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இலைக்கு மரியாதை குறையாத சாப்பாடு போடவேண்டும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

முதல் பெரிய கல்யாணம் வந்தது. பெண் வீடு கரமனைத் தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம். பெண் வீட்டார் பொடி போட்ட சாம்பார் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தேங்காய் வறுத்து அரைத்த சாம்பார் கேட்டார்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பந்திக்கு முன்னால் என் மேதாவித்தனம் தலைதூக்கியது. இரண்டையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்கினேன். தேச ஒருமைப்பாடு என்று என் நினைப்பு.

இலைக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அண்ணாச்சி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சாமி, இது எந்த ஊரு?”

“ரெண்டு ஊரும்தான் அண்ணாச்சி.”

“ரெண்டு ஊருக்காரனும் தொடமாட்டான். என் எலைய இதுக்குத் தரமாட்டேன், கேட்டீங்களா.”

வந்த ஆட்டோவிலேயே இலைக்கட்டோடு திரும்பிப் போய்விட்டார். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. பக்கத்து ஹாஸ்டலில் கெஞ்சி அலுமினியத் தட்டு வாங்கிப் போட்டோம். மாப்பிள்ளைக்கு வைத்த தட்டில் ‘ஷீலா’ என்று எவனோ ஆணியால் கீறியிருந்தான். ஷீலா யார் என்று மணப்பெண் அன்று கேட்ட கேள்விக்கு அந்த மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு என்னைச் சமையலுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தை மீறினார் என்று வஞ்சியூர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். ஜெயித்தால், என் சாம்பாரில் குற்றமில்லை என்று சர்க்கார் முத்திரையோடு ஒரு தீர்ப்பு கிடைக்கும். அதைக் காட்டித்தான் இனி இந்த ஊரில் அடுப்பு மூட்ட முடியும் என்ற நிலைமை.

இலை ஏற்றி வரும் லாரி அன்று வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என அவருடைய வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அண்ணாச்சி கேட்கவில்லை. லாரி வந்தது, இலையும் வந்தது, சாம்பார்தான் சரியில்லை என்றே பதில் மனு கொடுத்தார்.

வாய்தா நாட்களில் வாதியும் பிரதிவாதியும் கிழக்கேகோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். முன்னால் ஏறுகிறவர் துண்டைப் போட்டு மற்றவருக்கு சீட் பிடித்து வைப்பார். என் வக்கீலுக்கு இது அறவே பிடிக்கவில்லை. இதைவிட அவருக்குப் பிடிக்காதது என் டிபன் கேரியர். அண்ணாச்சியின் வாயாலேயே நன்றாயிருக்கிறது என்று சொல்ல வைக்கிற வீம்பில், ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுசு புதுசாக சாம்பார் வைத்துக் கொண்டுபோனேன். அண்ணாச்சியும் கக்கத்தில் ஒரு சுருட்டிய இலையோடு வருவார். உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். பிறகு கேரியர் மூடியிலேயே சாதத்தைப் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இலையைப் பிரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

என்ன குறை என்று ஒருநாள் கேட்டேன்.

“அது எனக்கெப்படித் தெரியும் சாமி? நான் சமையக்காரனா? எலை வேண்டாங்குது.”

கடைசியில் சாட்சி விசாரணை நாள் வந்தது. சாம்பார் அமிர்தம் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் தயார். ஒருவர் என் மைத்துனர். மற்றவர் அந்தக் கல்யாணத்துக்கே வராதவர். ஜெயிப்பது நிச்சயம் என்றார் வக்கீல். கேஸைக் கூப்பிட இன்னும் நேரமிருந்ததால் வராந்தாவில் கேரியரைத் திறந்தேன். அன்றைய சாம்பாரில் கலப்படம் கிடையாது. எங்கள் வீட்டுப் பொடிச் சாமான்களையும் தேங்காயையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக வறுத்து, ஒன்றாக அரைத்து, ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிட்டிருந்தேன்.

அண்ணாச்சி உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை. கக்கத்திலிருந்த இலையை எடுத்தார், தரையில் விரித்தார், தண்ணீர் தெளித்தார்.

“சாமி, இது திருவந்தரம்” என்றார்.

எனக்கு அதற்குமேல் தீர்ப்பு தேவைப்படவில்லை. வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்று வக்கீலிடம் போய்ச் சொன்னேன். தோற்றவன் என்று ஊர் சொல்லும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும், அந்தச் சாம்பாருக்குப் பிறகு பழைய சாம்பாரை நல்லது என்று கூண்டில் ஏறிச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

“ஒத்துதீர்ப்போ?” என்று மலையாளத்தில் கேட்டார் நீதிபதி. சமரசமெல்லாம் இல்லை, சாம்பார் சரியாகிவிட்டது என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஓர் ஆர்வம் அவர் முகத்தில் தெரிந்தது.

மறுபடி வழக்குப் போடும் உரிமையோடு வாபஸ் வாங்கலாமா, உரிமை வேண்டாமா என்று வக்கீல் காதோரம் கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து பிரதிவாதியின் குரல் வந்தது.

“வாங்கி வச்சுக்கிடுங்க சாமி. நாளைக்கே கைப்பக்குவம் மாறிப்போச்சுன்னா?”

இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உரிமையோடுதான் வாங்கினேன்.

ஊர் சொல்லத்தான் செய்தது. அது அடங்கும் முன்பே, இலை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி யார் சமையல் என்று விசாரித்து, இன்னும் ஆள் பேசவில்லை என்றவர்களைக் கரமனைக்கு என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். கோர்ட் முத்திரை செய்யாததை அந்த வாய் செய்தது. அன்று மட்டும் அவர் இலையைக் கொடுத்திருந்தால், அந்தக் கலவையையே இன்றுவரை ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். சாப்பிட்டவர்களும் நாகரிகமாக நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அண்ணாச்சி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது மண்டபங்களில் பச்சைச் சாயம் அடித்த பேப்பர் இலை வருகிறது. எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்கிறது. என்னுடைய அந்த உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது என்கிறார் வக்கீல். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் சாம்பாரை இறக்கியதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, மண்டப வாசலை ஒரு தடவை பார்க்கிறேன். உரிமை என்னிடம்தான் இருக்கிறது. பிரதிவாதியைத்தான் காணோம்.