மோதிர விரலும் பத்து நிமிஷமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேஸ்காரர் ஒரு சபதம் எடுத்தார். இடது கை மோதிர விரல் வலிக்கிறது என்பதை உயிரே போனாலும் மனைவியிடம் சொல்லப்போவதில்லை. திடமான சபதம்தான். பற்பசை மூடியைத் திறக்கிற வரைக்கும் நின்றது.

"மூடியை எதுக்குப் பல்லால கடிச்சுத் திறக்கறீங்க?" குளியலறை வாசலில் துண்டோடு மனைவி நின்றாள்.

"பல்லுக்குப் பயிற்சி."

"தேய்க்கறதுக்கு முன்னாலயேவா?"

பேஸ்காரர் வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு பதில் சொல்வதிலிருந்து தப்பித்தார். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும், காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அணில் கொட்டையைத் தூக்குவது மாதிரி தூக்கினார். அவள் எதிரே உட்கார்ந்து முழுக் காட்சியையும் பார்த்தாள். இருபத்தோரு வருடம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவன் டம்ளர் பிடிக்கிற தினுசு தெரியாதா என்ன.

"எந்த விரல்?"

"எந்த விரலும் இல்ல."

"அந்த எந்த விரலும் இல்லாத விரலை இப்படி நீட்டுங்க."

நீட்டினார். மடக்கச் சொன்னாள். மடங்கியது. நிமிர்த்தச் சொன்னாள். பாதி வழியில் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிட்டது. வலது கையால் பிடித்து இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். பேஸ்காரரின் முகம் போன போக்கைப் பார்த்தால் விரல் வலித்ததா முகமே வலித்ததா என்று சொல்ல முடியாது.

'விட்டுத் தொலைங்க அந்தத் தடிக் கிட்டாரை' என்பாள் என்று காத்திருந்தார். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் சபதமே. அவள் அதைச் சொல்லவில்லை. "சட்டையை மாத்துங்க, கையைக் காட்டிட்டு வந்துடலாம்" என்றாள். பேஸ்காரருக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

இவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவு. கீழே விழுந்தேன், இடுப்பு போயிற்று என்று எழுதிக் கொடுக்கிறவர்களை நம்பாமல் இருப்பதற்காகவே அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். மாலையானால் ஒரு பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டே வருமே, அந்தச் சத்தம் இவருடையது. கம்பி ஒவ்வொன்றும் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றுக்குத் தம்பி முறை. அதை அழுத்திப் பிடிக்க விரலில் பலம் வேண்டும், இல்லாவிட்டால் விவேகம் வேண்டும். இவரிடம் பலம் இருந்தது.

மனைவிக்கு அந்த வாத்தியத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "பேஸ், பேஸ்னு பேருதான். அது பேசி ஒரு நாள் கேட்டதில்ல" என்பாள். "நான் வாசிக்கறது கேக்காதுதான். வாசிக்கலைன்னாத்தான் தெரியும்" என்பார் இவர். குழு தொடங்கி இருபது வருடம் ஆவதை ஒட்டி நூலகத்து மாடி அரங்கில் நிகழ்ச்சி. நான்கு வாரம் இருந்தது. பன்னிரண்டு பாட்டு. அதற்காகத் தினம் மூன்று மணி நேரம் கம்பியைப் போட்டு நெரித்ததில் வந்த வினைதான் இது.

பிசியோ பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இவருடைய கையை மேசைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பத்துக்கு எவ்வளவு வலி, சார்?"

அதே கேள்வியை இவர் இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களிடம் கேட்டுவருகிறார். என்ன பதில் சொன்னாலும் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுவார். பழக்க தோஷம், தன்னுடையதையும் குறைத்துவிட்டார்.

"ரெண்டு."

அவள் உள்ளங்கையில், விரல் தொடங்குகிற மேட்டில், கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"ஒன்பது" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நரம்புக் கோளாறுங்களா?"

"நரம்பு இல்ல. தசைநாண். விரலை இழுக்கற கயிறு மாதிரி ஒண்ணு. அது போய் வர்ற உறை வீங்கியிருக்கு."

"இவருக்கு நாண் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள் மனைவி.

விரலை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்காரச் சொல்லி இவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் பேசி முடித்தவர்களுடைய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பிசியோ விரலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டினாள்.

"மூணு வாரம். கிட்டார் பக்கமே போகக் கூடாது."

"நாலு வாரத்துல நிகழ்ச்சி இருக்குங்க."

"அதனாலதான் மூணு வாரம் சொல்றேன். இல்லைன்னா ஆறு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் காரியமாகக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "சும்மாதானே கிடக்கும், ரிப்பேர்க் கடையில குடுத்துத் துடைச்சு வைக்கறேன்" என்றாள். இருபத்தோரு வருடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தோளில் மாட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் யாரோ பெற்ற பிள்ளையைச் சுமப்பது போலிருந்தது.

அந்த முதல் வாரம் கொடுமை. அலுவலகத்தில், கட்டைவிரல் மடங்கவில்லை என்று ஒரு தையல்காரர் எழுதியிருந்ததைப் பேஸ்காரர் இரண்டு தடவை படித்தார். ஒரு வார்த்தை குறைக்காமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் இவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை, குழுவில் கீபோர்டு வாசிக்கிற கணக்கு வாத்தியார் நலம் விசாரிக்க வந்தார். விசாரிப்பு அரை நிமிஷத்தில் முடிந்தது.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க பகுதி முழுக்க எண்ணிப் பாத்துட்டேன். என் இடது கை பெரும்பாலும் சும்மாதான் இருக்கு. அதுவே பாத்துக்கும்." சொன்னதோடு நிற்காமல் சாப்பாட்டு மேசைமேல் இடது கையால் தட்டியும் காட்டினார். வலது கையால் பிஸ்கட் எடுத்தார்.

பேஸ்காரர் அந்த இடது கையையே பார்த்தார். ஐம்பதை நெருங்குகிற ஒரு முழு மனிதர். அவருக்கு மாற்று, இன்னொருத்தருடைய சும்மா இருக்கிற இடது கை. இந்தத் தடவை அது உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்காது.

"அவரே வருவாரு" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"இல்லம்மா, விரல் சரியாகலைன்னா..."

"ஆகும். உங்க இடது கையை வேற வேலை பாத்துக்கச் சொல்லுங்க. பிஸ்கட்டை அதால எடுங்க."

வாத்தியார் போனபிறகு பேஸ்காரர் அவளை நன்றியோடு பார்த்தார். பார்த்த கையோடு அவளை ஏமாற்றத் தீர்மானித்தார். மூன்று வாரம் விரலைத் தூங்க வைத்தால் எழுப்ப ஆள் வேண்டியிருக்கும். திருட்டுத்தனமாக வாசித்தே தீருவது.

ஒன்பதாம் தேதி கிட்டார் திரும்பி வந்தது. இரும்பு அலமாரிக்குள் போனது. பூட்டினாள். சாவியை ஒளித்தாள். விபத்துப் பிரிவில் புகை வந்த இடத்தையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்குச் சாவி ஒரு பொருட்டா. அலமாரியின் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. 'இவ்வளவுதான் இவ புத்தி' என்று நினைத்துக்கொண்டார்.

நேரமும் கூடி வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு மனைவி, "மாடி வீட்டம்மாகிட்ட பேசிட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று கிளம்பினாள். அந்த வீட்டில் பத்து நிமிஷம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். 'பத்து நிமிஷத்துல ரெடி' என்றால் முக்கால் மணி. 'பத்து நிமிஷம் பேசிட்டு வரேன்' என்றால் குறைந்தது ஒன்றேகால் மணி, மாடி வீட்டு மாப்பிள்ளை வந்திருந்தால் இரண்டு. பேஸ்காரர் மனசுக்குள் ஒன்றேகால் மணியை ஒதுக்கிக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

ஸ்பீக்கர் இல்லாமல் பேஸ் வாசித்தால் எறும்பு கனைத்த மாதிரிதான் கேட்கும். அதனால் கிட்டார் உடம்பில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் மேல்முனையில் தாடையை அழுத்திக்கொண்டார். அப்படி வைத்தால் சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குப் போகும். பட்டையைக் கழற்றி, கண்ணை மூடி, முதல் பாட்டின் முதல் சுரத்தை அழுத்தினார். ஆச்சரியம், கம்பி வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஒரு வார ஓய்வில் விரல் இரும்பாகிவிட்டதே என்று பூரித்தார். இரண்டாவது பாட்டுக்குப் போகிற நேரம், வாசலில் செருப்புச் சத்தம்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து.

அலமாரி, பூட்டு, ஆணி, பட்டை, நாற்காலி, செய்தித்தாள். எல்லாம் பதினொரு வினாடியில். செய்தித்தாள் மட்டும் தலைகீழ்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"பத்து நிமிஷம்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

மறுநாளும் ஆறு பத்து. அடுத்த நாளும் ஆறு பத்து. மாடி வீட்டம்மாவோடு ஏதாவது சண்டையா என்று சாடையாகக் கேட்டுப் பார்த்தார். "சே, தங்கமான மனுஷி" என்றாள். ஐந்து நாள் கழித்துக் கால் மணியானது. இன்னும் ஐந்து நாளில் இருபது நிமிஷம். 'பழைய குணம் மெல்லத் திரும்புது' என்று பேஸ்காரர் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டுமே. கிடைக்கவே இல்லை.

இதற்கு நடுவில் பாத்திரம் வேறு. "இடது கைக்கு வெந்நீர் நல்லதாம். ஸ்பாஞ்சை மெதுவா பிழிஞ்சு பிழிஞ்சு விடணுமாம். வலது கை சும்மா இருக்கறதுக்கு அப்படியே தேய்ச்சுடுங்க" என்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். மறுத்தால் விரல் தேறிவிட்டது என்று சந்தேகம் வரும். வலிக்கிற மாதிரி முனகிக்கொண்டே தேய்த்தார். விரல் இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பதை அந்தத் தொட்டியில்தான் முதலில் கவனித்தார். மடக்கினார், நிமிர்த்தினார். சத்தமே இல்லை. நுரைக்குள் நின்றபடி அந்த மனிதருக்குக் கண் கலங்கியது.

மூன்று வாரம் முடிந்து பிசியோவிடம் தனியாகப் போனார். அவள் அதே மேட்டில் அதே அழுத்து அழுத்தினாள்.

"பத்துக்கு எவ்வளவு?"

"ஒண்ணு. சத்தியமா ஒண்ணு."

"ரொம்ப நல்லா தேறியிருக்கு, சார். பன்னிரண்டு பாட்டுல ஒன்பது வாசிக்கலாம். நடுவுல மூணு பாட்டுக்கு விரலுக்கு ஓய்வு குடுங்க."

அந்த மூன்றில் வாத்தியாரின் இடது கை பிழைத்துப் போகட்டும் என்று பேஸ்காரர் பெருந்தன்மையாக மன்னித்தார். வெற்றி தலைக்கு ஏறியது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

"ஒரு உண்மை சொல்லிடறேங்க. நீங்க சொன்னதை நான் கேக்கவே இல்ல. என் மனைவிக்குத் தெரியாம தினமும் வாசிச்சேன். அதுலதான் விரல் சரியாச்சு."

பிசியோ ஆச்சரியப்படவில்லை. கோப்பைப் புரட்டினாள்.

"ஆமா சார். ஒன்பதாம் தேதியிலிருந்து பத்து நிமிஷம். பதினாலுல இருந்து பதினஞ்சு. பத்தொன்பதுல இருந்து இருபது. மேடம் தினமும் எழுதி அனுப்பிடுவாங்க. பதிமூணாம் தேதி மட்டும் பன்னிரண்டு நிமிஷம். மாடிப்படியில யாரோ நிறுத்திப் பேசிட்டாங்களாம், மன்னிப்புக் கேட்டிருந்தாங்க. ரிப்பேர்க் கடையில குடுத்துக் கம்பியை மெலிசா மாத்தி இறக்கிக் கட்டினது ரொம்ப நல்ல யோசனை."

பேஸ்காரர் வீட்டுக்கு நடந்தே வந்தார். மனைவி மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பாட்டு?" என்றாள், நிமிராமல்.

"ஒன்பது."

"போதும். அப்புறம் எதுக்கு அந்த முகம்?"

"பத்து நிமிஷம் வாசிக்கலாம்னு என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து நிமிஷம்னு சொன்னா ஒரு மணி நேரம் வாசிப்பீங்க. தொடவே கூடாதுன்னு சொன்னாத்தான் பத்து நிமிஷம் வாசிப்பீங்க."

விபத்துப் பிரிவு அதிகாரி அந்த வாக்கியத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

"சாவி?"

"கிட்டார் வர்றதுக்கு முன்னாலயே வெள்ளோட்டம் விட்டுப் பாத்தேன். அலமாரியில பிஸ்கட் டப்பாவைப் பூட்டி, சாவியை ரெண்டு இடத்துல ஒளிச்சு வச்சேன். ரெண்டு நாளும் உங்களால கண்டுபிடிக்க முடியல. பாவமா இருந்துச்சு, ஆணியில மாட்டிட்டேன்."

"பாத்திரம் கழுவினது? அதுவும் வைத்தியம்தானா?"

"முதல் வாரம் வைத்தியம்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்திரம்."

பேஸ்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். அழகாக மடங்கியது, அழகாக நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் கோபப்படவும் முடியவில்லை. 

"இந்த இருபத்தோரு வருஷத்துல ஒரே ஒரு தடவைகூட நான் உன்னை ஏமாத்தினதில்லையா?"

கத்தி நின்றது. அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"ஒரு தடவை ஏமாத்தியிருக்கீங்க."

"எப்ப?" பேஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னால. கிட்டார் வாசிப்பேன்னு சொன்னீங்க. ஆறு கம்பி இருக்கும்னு நம்பி வந்தேன். எண்ணிப் பாத்தா நாலு."