ஏழு ஊறல்காரர்

டீ குடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. தலைவலிக்குக் குடிப்பார்கள், வம்பளக்கக் குடிப்பார்கள், வேலையை அரைமணி நேரம் தள்ளிப்போடக் குடிப்பார்கள், குடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவார்கள். மனுஷப் பிறவிகள். நான் சொல்ல வந்தது வேறு ரகம். இவர்கள் டீயைக் குடிக்கிறதில்லை, விசாரிக்கிறார்கள். பிடிபட்ட திருடனை விசாரிக்கிற மாதிரி, ஒரே இலையை ஏழு தடவை வெந்நீரில் முக்கி, ஒவ்வொரு தடவையும் "இப்ப என்ன சொல்றே?" என்று குனிந்து கேட்கிறவர்கள். இவர்களுக்கு ஏழு ஊறல்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லையா? கொடுத்து வைத்தவர் நீங்கள். என் வீட்டில் இருக்கிறது. என் மாப்பிள்ளை.

தங்கமான மனுஷன், அதில் சந்தேகமில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்றபடி நிதானமாகப் பேசிப் பேசியே பயத்தைப் போக்கிவிடுவார். அந்த நிதானம்தான் வீட்டுக்குள் வினையாக வந்து உட்கார்ந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் எவனோ ஒரு புண்ணியவான் மில்க் ஊலாங் என்று ஒரு சீனத்து டீப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தான். பெயரில்தான் பால். டீயில் ஒரு சொட்டு விடக்கூடாது. பால் விடாமலே இலையிலிருந்து பால் வாசனை வருமாம், அதுதான் அதன் மகிமையாம்.

அன்றைக்குப் பிடித்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வருவார். சட்டையைக்கூட மாற்றாமல், மூக்கு நீண்ட கெட்டிலில் தண்ணீர் வைத்து, அதற்குள் தெர்மாமீட்டரை விட்டு, கொதித்தால் இலை வெந்துவிடும் கொதிக்காவிட்டால் இலை கோபித்துக்கொள்ளும் என்று காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே நின்று, மிளகு மாதிரிச் சுருண்ட இலையை மூடிக் கிண்ணத்தில் போட்டு, முதல் தண்ணீரை "இது குளிப்பாட்ட" என்று கீழே கொட்டி, இரண்டாவது தண்ணீருக்கு நொடி எண்ணி, மூடியைத் திறந்து, குடிக்காமல், மூடியை முகர்ந்து, கண்ணை மூடி, "பால்" என்பார்.

அதைச் சொல்ல அரைமணி நேரம்.

முதல் ஊறலில் பால் எட்டிப் பார்க்குமாம். இரண்டாம் ஊறலில் உட்காருமாம். மூன்றாம் ஊறலில் பூவோடு சேர்ந்து வருமாம். ஊறல், ஊறல் என்று இவர் சத்தமாகச் சொல்வதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஆசையாக வந்து உட்கார்ந்து, வெறும் டீதான் என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போய் எழுந்து போனார்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். வாசனைக்கு ஊரடங்கு போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழாம் ஊறல் முடிகிற வரைக்கும் வீட்டில் எதுவும் வதங்கக்கூடாது, ஊதுவத்தி கூடாது, துணி சோப்பு கூடாது. முக்கியமாக, சாதா டீ கொதிக்கக்கூடாது. அந்த வாசனை ஊலாங்கை அமுக்கிவிடுமாம். இவருடைய கிண்ணங்களுக்கு இடம் வேண்டுமென்று என் பால் சட்டி அலமாரி உச்சிக்கு ஏறியது. எனக்கு எட்டாது. அதைக்கூட விடுங்கள். என் மகளுக்கு என்ன ஆயிற்று, அதைக் கேளுங்கள்.

மகள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் இருக்கிறாள். காலை ஒன்பதிலிருந்து நின்றபடியே வேலை. ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்து கிடக்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வாய் பொறுக்காத சூட்டில், பால் விட்டு, சர்க்கரை போட்டு, டம்ளர் நிறைய ஒரு டீ. ஆறு மாதமாக அது அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது, பொம்மைக்குச் சோறூட்டுகிற அளவில் ஒரு கிண்ணம், அதில் ஆறிப்போன வெந்நீர், கூடவே ஒரு பிரசங்கம். ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, இதுல டீ எங்கே இருக்கு?"

"தேடக்கூடாதும்மா. அதுவா வரணும்."

அது வரவில்லை. ஏழரைக்கு அடுப்பு காலியாகும்போது அவள் தலை சாய்ந்து தூங்கியிருப்பாள். "என் புள்ளைக்கு ஒரு டீ போட்டா உங்க ஊலாங் ஓடியா போயிடும்?" என்று நானும் பலமுறை கேட்டுப் பார்த்தேன். லிஃப்டுக்குள் மாட்டினவளிடம் பேசுகிற குரலிலேயே எனக்கும் பதில் வந்தது.

இப்படி இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் ரகத்திலேயே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடமாட்டார். இன்னொருவர் கண்ணாடிக் கடைக்காரர், டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். சந்தையில் வாசனை தெளித்த போலிதான் கிடைக்கிறது, என்னிடம் இருப்பதுதான் அசல் என்று இவர்களிடம் ஆறு மாதமாகப் பெருமை அடித்திருக்கிறார் மாப்பிள்ளை. அதனால் காலையிலேயே கெட்டிலை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று ஆக்கி, நாள் முழுக்க அதற்குக் காவல் இருந்தார்.

முதல் ஊறல். பல் டாக்டர் முகர்ந்தார். "இன்னும் திறக்கலை போல" என்றார். இரண்டாம் ஊறல். கண்ணாடிக் கடைக்காரர் மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டுத் தேடினார். மூன்றாம் ஊறல். பால் எட்டியும் பார்க்கவில்லை, உட்காரவும் இல்லை. மாப்பிள்ளையின் நெற்றிதான் ஊறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. வழக்கத்தைவிடக் கால் வீங்கியிருந்தது. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, "அம்மா, ஒரு வாய் டீ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பின்னாலேயே கெட்டிலோடு மாப்பிள்ளை வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அத்தை, கெட்டிலை யாராவது தொட்டீங்களா?"

"இன்னைக்குத் தொடலை மாப்பிள்ளை."

லிஃப்ட்காரர் இல்லையா, எங்கே நின்றுவிட்டது என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். "இன்னைக்கா? அப்ப மத்த நாள்ல?"

"தினம் மூணு மணிக்கு என் பாலை அதுலதான் காய்ச்சுறேன். என் சட்டியத்தான் நீங்க உச்சாணிக்கு ஏத்திட்டீங்களே. இந்த மூக்கு ஊத்தறதுக்கும் வாகா இருக்கு. தண்ணி ஊத்தி ஒரு தடவை அலசி வெச்சிடுவேன்."

ஒரு தடவைதான் அலசுவேன். கிழவிக்குக் கை வலிக்காதா?

ஆறு மாதம் கண்ணை மூடி அவர் முகர்ந்த பால் என்னவென்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துபோனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தேன், பாவம் போய்விட்டது.

"தள்ளி நில்லுங்க" என்றேன். கெட்டிலை வாங்கி, அரைப்படி பாலை அதில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பக்கத்து அடுப்பில் டிகாஷனைக் கொதிக்க விட்டேன். ஊரடங்கு அந்த நிமிஷமே போயிற்று. பால் பொங்கி வரும்போது ஹாலிலிருந்து பல் டாக்டர் குரல் கேட்டது.

"வந்துருச்சு. நாலாவதுலதான் வருது. என்ன ஆழம்!"

"ஆழம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

நாலாம் ஊறலுக்குக் கிண்ணத்தில் இன்னும் யாரும் தண்ணீரே ஊற்றவில்லை.

மகளுக்கு டம்ளர் நிறைய டீயைக் கொடுத்தேன். பிடிக்க முடியாமல் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். முதல் வாய் குடித்துவிட்டு அவளும் கண்ணை மூடினாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் டீ. கெட்டிலை ஒரே ஒரு தடவை அலசி, வெந்நீர் வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார். போய் என்ன சொன்னார் தெரியுமா? "நாலாம் ஊறல் வரைக்கும் பொறுமை வேணும் சார்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. ஆறு மணிக்கு மகளின் டீக்குப் பால் அந்தக் கெட்டிலில்தான் காயும். அதற்கப்புறம்தான் ஊலாங். கெட்டிலைப் பதப்படுத்துவது என்று அதற்கு இவர் பெயர் வைத்து, பல் டாக்டருக்கும் ரகசியமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாராம். என் சட்டி இன்னும் அலமாரி உச்சியில்தான் இருக்கிறது. இறக்கித் தருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, இறக்குங்கள் என்று நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால், "அலசின கெட்டில்ல பால் வாசனை அப்படியெல்லாம் நிக்காது பாட்டி, அசல் ஊலாங்ல என்ன விஷயம்னா..." என்று திருத்தம் சொல்ல இப்போது உங்கள் நாக்கு துருதுருக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் மெதுவாக எட்டிப் பாருங்கள். நீங்கள் பேசி முடிப்பதற்காக அங்கே யாரோ டம்ளரும் கையுமாகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.