தவளை அண்ணாச்சியும் என் ரெண்டாவது மூட்டையும்

கடைக்கு வந்த ஆள வெறுங்கையோட வெரட்டுததுக்குச் சம்பளம் வாங்குன ஒரே மனுசன், இந்தத் திருநெல்வேலிச் சீமையிலயே எங்க தவளை அண்ணாச்சிதான்.

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு உரக்கடையில மூட்டை எடுத்துக் குடுக்க வேல. நாம மிசின்ல பெருவிரல வச்சு, பேரும் வந்த பொறவு கேப்பாரு: “ஒன் ரேகை வந்துட்டு. ஒன் வயல்ல தவளை கத்துதா?”

கத்தலன்னா யூரியா கெடையாது. “தவளை இல்லாதது செத்த வயலுலா. செத்ததுக்கு எதுக்குவே சாப்பாடு?”

மொதலாளி தலையில அடிச்சுக்கிடுவாரு. “ஏவே, நீரு எனக்கு வேல பாக்கீரா, தவளைக்கு வேல பாக்கீரா?”

“ரெண்டும் ஒரே மாதிரி கத்துது. எனக்கு வித்தியாசம் தெரியல மொதலாளி.”

ஆனா ஒத்தத் தோள்ல ரெண்டு மூட்டை தூக்க வேற ஆளு கெடையாது. அதனால வேல தப்பிச்சுது.

ஒருத்தன் தூக்குவாளியில தவளையவே புடிச்சுக் கொண்டாந்துட்டான். அது மொதலாளி மேசையில ஏறி உக்காந்துட்டு. அண்ணாச்சி உத்துப் பாத்துட்டு, “இது கெணத்துத் தவளைவே. வயத் தவளைக்கு இம்புட்டுத் தொப்பை கெடையாது”ன்னுட்டாரு.

அவன விட நான் பெரிய கள்ளி. ஒரு வருசம் பிசானப் போகத்துல எங்க நெல்லு வெளிறிக் கெடந்துச்சு. பக்கத்து வயலு கருகருன்னு நிக்கி. அந்த ஒரு வயலுதான் எங்க வீட்டு வருசச் சோறு. ஒரு மூட்டை போட்டாச்சு, ரெண்டாவது கேட்டேன். சாயங்காலம் தவளைச் சத்தம் கேக்க நேர்லயே வாரேன்னாரு அண்ணாச்சி. நான் முந்திப் போயி வாழை மறைவுல குந்திக்கிட்டு, ‘கொறக் கொறக்’னு தொண்ட கிழியக் கத்துதேன்.

வரப்புல பைய நின்னு கேட்டாரு. “இந்தத் தவளை வெத்தல போட்டிருக்கும்போல. வாடை வருது”ன்னாரு. மறுநா மூட்டைய எடுத்துப் போட்டாரு.

பயிரு கருகருன்னு எந்திரிச்சுது. எனக்குப் பெரும தாங்கல. யூரியா கூடிப்போயி, கதிரு வார நேரம் புகையான் பூச்சி விழுந்துச்சு. மிச்சம் ஒரே மழையில படுத்துட்டு. பாதி நெல்லுகூட வீடு வந்து சேரல.

வயலப் பாக்க வந்த அண்ணாச்சி ஏசுவாருன்னு பாத்தேன். ஒரு புடி மண்ண அள்ளி மோந்தாரு. “உரந் தின்னு தின்னு மண்ணு தன் வேலய மறந்துட்டு தாயி. உள்ள புழு பூச்சின்னு ஒரு பெருங்குடும்பம் இருந்துச்சு. கூப்பிட்டா வரும். நாளாவும்.” ஒரு பை கொழிஞ்சி வெத குடுத்தாரு. “வெதச்சு, பூக்கதுக்கு முந்தி மடக்கி உழுதுரு. அந்தத் தழைதான் மண்ணுக்குச் சாப்பாடு.”

“தவளை வருமா அண்ணாச்சி?”

“வரும். நீ கத்தாம இருந்தா.”

மொதல்ல மண்புழு வந்துச்சு. பொறவு கொக்கு. தவளை வாரதுக்குள்ள அண்ணாச்சி போய்ச் சேந்துட்டாரு.

இந்தப் பிசானத்துல, முந்தாநா மழைக்கு, எங்க வயல்ல ஒரு தவளை கத்திட்டு. கடைக்கு ஓடுனேன். புதுசா நிக்கவன்ட்ட, “வயல்ல தவளை கத்துதுய்யா”ன்னேன். “எத்தன மூட்டைம்மா?”ன்னு மிசின நீட்டுதான்.

திரும்பி வந்து அதே வாழை மறைவுல குந்தி, ஒருக்க கத்திப் பாத்தேன். அந்தத் தவளை பதிலுக்குக் கத்துச்சு. நான் வரப்பயே பாத்துக்கிட்டு இருந்தேன். இதுல ஒண்ணு கள்ளத் தவளைன்னு சொல்ல அவரு வரணும்லா.